பறவை காத்த ஏரிகள்

தமிழகத்தின் கிழக்குச் சமவெளியில் குளிர்காலத்தைக் கொண்டுவருவது பனியைவிட மழையே எனலாம். ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்ப, கார்த்திகையில் நீர் பெருகிக் கலங்கல் வழிய, மார்கழியும் தையும் நீர் நிலைத்து நிற்கும் மாதங்களாக அமைய, பங்குனிக்குப் பின் ஏரி படிப்படியாக வற்றத் தொடங்குகிறது. இந்த ஐந்தாறு மாத இடைவெளிதான் இங்கே நீர்ப்பறவைகளின் பருவம். அப்பருவத்தில் ஏரிக்கரையில் நின்று பறவை பார்ப்பது இன்று நகரத்தாருக்கு ஓர் ஓய்வுநாள் வழக்கமாகிவிட்டது. ஆயினும் தொலைநோக்கியும் பறவைப் பட்டியலும் இந்த ஏரிகளுக்கு வந்து சேர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே, பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் கூடித் தடுத்ததும், அத்தடையை அரசு எழுத்தில் பெற்றதும் செங்கற்பட்டுச் சீமையில் நிகழ்ந்துவிட்டன. ஆதலால் தமிழகத்தில் பறவை நோக்குதலின் வரலாற்றை எழுதப் புகுவோர், பறவை காத்தலின் வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

அந்த வரலாறு ஏரி என்னும் அமைப்போடு பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளது. ஏரி இயற்கையாக உண்டான நீர்நிலையன்று. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வளைந்த மண்கரை ஒன்றை எழுப்பி, மழைநீரையும் ஓடைநீரையும் மறித்துத் தேக்கி, கரையில் பொருத்திய மதகுகளின் வழியே வயல்களுக்குப் பாய்ச்சி, மிகை நீரைக் கலங்கல் எனப்படும் வழிந்தோடியின் வழியே அடுத்த ஏரிக்கு அனுப்பும் ஏற்பாடு அது. இவ்வாறு ஒன்றன் கலங்கல் மற்றொன்றின் வரத்துக்காலாக அமையும்போது ஏரிகள் தொடராகின்றன. அவற்றுள் சிறியவை வடமாவட்டங்களில் தாங்கல் எனப் பெயர் பெறும். கரையைக் காப்பதும், மதகைத் திறந்து மூடுவதும், வண்டலை அகற்றுவதும் ஊர்ப் பொறுப்புகளாக இருந்தன. செங்கற்பட்டுப் பகுதியை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் குழுக்களுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியைக் கண்காணிக்கத் தனிக் குழுவை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த நாட்டில், ஏரியில் வந்து தங்கும் பறவைகள் எவர் கண்ணிலும் படாமல் போயிருக்க வழியில்லை.

பறவைகளின் பயணத்தைத் தமிழர் கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதற்குச் சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டைவிடத் தெளிவான சான்று வேறில்லை. குடந்தைக்கு அருகிலுள்ள சத்திமுத்தத்தைச் சேர்ந்த அப்புலவர், மதுரையில் வறுமையிலும் வாடைக் காற்றிலும் நடுங்கியபடி வானில் செல்லும் நாரையை விளித்துப் பாடியதாக அமைந்த அப்பாடல், பறவையின் சிவந்த காலையும், பிளந்த பனங்கிழங்கை ஒத்த செந்நிற அலகையும் குறிப்பிட்டு, அது துணையோடு தென்கோடிக் குமரியில் நீராடிவிட்டு வடக்கு நோக்கித் திரும்புவதாகக் கருதி, வழியில் தம் ஊர் வாவியில் தங்குமாறு வேண்டுகிறது. இவ்வடையாளங்கள் குளிர்காலத்தில் மட்டும் இந்தியாவுக்கு வந்து, இங்கே கூடு கட்டாமல் வடதிசை திரும்பும் செங்கால் நாரைக்கே முற்றிலும் பொருந்துகின்றன. வலசை, அதாவது பருவந்தோறும் பறவைகள் மேற்கொள்ளும் நெடும் பயணம், எந்தத் திசையில் நிகழ்கிறது, அதன் தென் எல்லை எது, இடையில் எத்தகைய நீர்நிலையில் பறவை இறங்கும் என்ற மூன்றையும் ஒரு சிறு பாடலுக்குள் அடக்கிய அந்தப் பார்வை, பாவலரின் கற்பனை மட்டுமாக இருக்க முடியாது. வயலிலும் வாவிக்கரையிலும் புழங்கிய மக்களின் அறிவாகவே அது இருந்திருக்க வேண்டும்.

எழுத்து வடிவிலான காப்பு ஆணையின் வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கியதால், அப்பகுதி ஜாகீர் என்று அழைக்கப்பட்டது. போரில் உதவியதற்கு ஈடாக வருவாயுடன் அளிக்கப்படும் நிலப்பகுதியை அச்சொல் குறிக்கும். 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் அச்சீமையின் ஊர்கள் பல பாழாயின, கரைகள் உடைந்து கிடந்தன, உழுகுடிகள் சிதறினர். இந்நிலையில் 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் பெருமுனைப்புக் காட்டினார். மதுராந்தகம் ஏரிக்கரை வெள்ளத்தில் உடையும் தறுவாயில் இராமனும் இலக்குவனும் வில்லேந்தி நின்று காத்ததை அவர் கண்டதாகவும், அதன் பின்னரே அங்குள்ள கோயிலின் தாயார் சந்நிதித் திருப்பணியை மேற்கொண்டதாகவும் வழங்கும் ஏரி காத்த ராமர் கதை அவரைப் பற்றியதே. கதையின் உண்மை எவ்வாறாயினும், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் ஏரிக்கரையோடும் கோயிலோடும் இணைந்து இருநூறு ஆண்டுகளாக மக்கள் நினைவில் நிற்பது, அக்காலத்தில் ஏரிப் பராமரிப்பு எவ்வளவு முதன்மை பெற்றிருந்தது என்பதைக் காட்டுகிறது.

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலின் ஏரி, பரப்பில் ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் மட்டுமே உள்ள சிற்றேரி. அங்கே கூடு கட்டியிருந்த பறவைகளை ஆங்கிலேயப் படைவீரர்கள் சுட்டதாகவும், ஊரார் அதை எதிர்த்துக் கலெக்டரிடம் முறையிட்டதாகவும், அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் கவுல் ஒன்றை வழங்கியதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கவுல் என்பது அரசு குடிகளுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிச்சீட்டு. தரிசு நிலத்தைத் திருத்துவோருக்கு வரிச்சலுகை அளிக்கவும், ஊரின் உரிமையை ஏற்றுக்கொள்ளவும் அது பயன்பட்டது. ஆணையின் ஆண்டை 1796 என்று சிலரும் 1798 என்று சிலரும் குறிப்பர். இரண்டும் பிளேஸின் பதவிக்காலத்துக்குள்ளேயே அடங்குவன. 1858இல் அந்த உரிமை மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. ஆறு தலைமுறைக்கு முற்பட்ட ஓர் ஊர்ச் சபை, பறவையை முன்னிட்டுக் கம்பெனி அரசிடம் எழுத்து கேட்டு வாங்கியதும், அறுபது ஆண்டுகள் கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகள் அதை மறவாமல் புதுப்பித்துக்கொண்டதும், இந்திய இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றில் உரிய இடம் பெறாதது வருத்தத்துக்குரியது.

வரி வசூலிப்பதில் கண்டிப்பானவராகப் பெயர் பெற்ற ஓர் அதிகாரி, நாரைக்கும் கொக்குக்கும் பரிந்து ஆணையிட்டது ஏன் என்ற வினா எழுகிறது. விளைச்சலில் அரசுக்குச் சேரும் பங்கு மேல்வாரம் எனவும் உழுபவருக்குச் சேரும் பங்கு குடிவாரம் எனவும் பிரிக்கப்பட்ட முறையில், விளைச்சல் கூடினால் இரு தரப்புக்கும் ஆதாயம். பறவைகள் தங்கும் ஏரியின் நீர் பாயும் வயல் கூடுதலாக விளையும் என்று ஊரார் எடுத்துரைத்திருந்தால், அது கலெக்டரின் செவிக்கு நன்கு புரியக்கூடிய வாதமே. பிளேஸ் ஏரிகளில் காட்டிய அக்கறையும், காணியாட்சிக்காரர்களாகிய மிராசுதாரர்களின் உரிமைகளை அவர் விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதியிருப்பதும் இந்த ஊகத்துக்குத் துணைநிற்கின்றன. இரக்கம் அதில் கலந்திருக்கலாம். எனினும் கவுலின் அடியில் நெல் இருந்தது என்பதை மறைக்க வேண்டிய தேவை இல்லை. இரக்கத்தை மட்டும் நம்பிய ஆணை அதிகாரி மாறியதும் மறைந்திருக்கும். விளைச்சலைச் சார்ந்து நின்றதால்தான் அது நிலைத்தது.

ஊராரின் வாதம் அறிவியலுக்கும் பொருந்துவதாகும். கூடு கட்டும் பறவைகளின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரசும், செறிந்துள்ளன. ஆயிரக்கணக்கான பறவைகள் நான்கைந்து மாதங்கள் ஒரே மரக்கூட்டத்தில் தங்கும்போது, மழையாலும் பனியாலும் கழுவப்பட்டு அந்த எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. மதகு திறக்கப்படும்போது நீரோடு எருவும் வயலுக்குச் செல்கிறது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளில் பெரும்பாலானவை அந்த ஏரியில் மட்டும் இரை தேடுவதில்லை. முப்பது ஹெக்டேர் நீர்நிலை அத்தனை வாய்களுக்கு மீன் கொடுக்காது. அவை சுற்றுவட்டார ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து சென்று, மீனும் நத்தையும் தவளையும் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. இதன் விளைவாக, பல ஊர்களின் நீரிலும் நிலத்திலும் பரவிக் கிடக்கும் சத்து ஒரே ஊரின் ஏரியில் வந்து குவிகிறது. பிற ஏரிகள் இருக்க வேடந்தாங்கலார் மட்டும் பறவைகளுக்காகக் கலெக்டர் கச்சேரி ஏறியதற்கு இதுவே வலுவான காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஏரியின் நடுவே நீரில் காலூன்றி நிற்கும் மரங்களே கூடுகளின் தளம். கடப்பை எனவும் நீர்க்கடம்பு எனவும் வழங்கப்படும் மரம் மாதக்கணக்கில் நீரில் நின்றாலும் அழுகாத இயல்புடையது; அடர்ந்து கவிந்த அதன் கிளைகள் கூடுகளின் பாரத்தைத் தாங்கவல்லவை. சுற்றிலும் நீர் நிற்பதால் பூனை, கீரி முதலிய விலங்குகள் கூடுகளை எளிதில் அணுக முடிவதில்லை. மார்கழிக் காலையில் கரையிலிருந்து ஒரு மரத்தை மட்டும் உற்றுநோக்கினால், அது பல இனங்கள் பங்கிட்டுக்கொண்ட குடியிருப்பாக இருப்பது புலப்படும். முகடுகளில் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும், கிளைகளின் வெளிப்பரப்பில் வெள்ளை அரிவாள் மூக்கன்களும் கரண்டிவாயன்களும், நிழலடர்ந்த உட்கிளைகளில் சிறு நீர்க்காகங்களும் வக்கா எனப்படும் இராக்கொக்குகளும் அமர்ந்திருக்கும். நத்தைகுத்தியின் அலகு முழுவதும் மூடாமல் நடுவே இடைவெளி விட்டு நிற்பதையும், ஓட்டுக்குள் ஒடுங்கிய நத்தையைக் கையாள அது உதவுவதையும் வயலில் களையெடுப்போர் நெடுங்காலமாக அறிவர். நெற்பயிருக்குக் கேடு செய்யும் நண்டையும் நத்தையையும் பறவைகள் தின்பதால் உழவருக்கு விளையும் நன்மை, எச்சத்தால் விளைவதற்குக் குறைந்ததன்று. பகல் முழுவதும் உறங்கிய வக்காக்கள் மாலையில் இரைக்குப் புறப்படும் வேளையில், பகலில் இரைதேடிய கொக்குகள் கூட்டங்கூட்டமாகத் திரும்புவதால், அந்தி மயங்கும் அரைமணி நேரம் ஏரியின் மேல் இரு திசைகளிலும் போக்குவரத்து ஓயாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்குக் குளிர்காலம் துப்பாக்கிப் பருவமாக இருந்தது. வலசை வந்த வாத்துகளையும், சேற்று வயல்களில் மறைந்து திரியும் உள்ளான்களையும் சுடுவது அதிகாரிகளின் விருப்பமான பொழுதுபோக்கு. ஆயினும் அதே துப்பாக்கியிலிருந்துதான் பறவையியலும் இங்கே பிறந்தது. தொலைநோக்கி மலிவாகாத காலத்தில் பறவையை வீழ்த்தித் தோலை உரித்துப் பதப்படுத்தியே இனத்தை வரையறுத்தனர். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் சென்னையிலிருந்து வந்த ஓர் இலக்கிய, அறிவியல் இதழில் வெளியிட்டு, பின்னர் 1862க்கும் 1864க்கும் இடையில் இந்தியப் பறவைகள் பற்றிய தம் பெருநூலைக் கொண்டுவந்தார். அந்நூலில் பறவைகளின் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் அவர் சேர்த்திருப்பது குறிப்பிடத்தக்கது. கண்ணி வைத்தும் வலை விரித்தும் பறவை பிடித்து வாழ்ந்த எளிய மக்களின் வாயிலிருந்தே அப்பெயர்கள் அவருக்குக் கிடைத்திருக்க முடியும். இந்தியப் பறவையியலின் தொடக்க நூல்கள் அவர்களின் பெயர்களைக் குறிக்காமல் விட்டுவிட்டன. அவர்கள் பறவைகளுக்கு வழங்கிய பெயர்கள் மட்டும் எஞ்சின.

வேடந்தாங்கலின் காப்பு நிலை 1936இல் மாவட்ட ஆட்சியரால் ஏற்கப்பட்டு, 1962இல் வனச் சட்டத்தின் கீழும், 1972க்குப் பின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வந்தது. இக்கட்டங்களுள் பறவை நோக்குதலைப் பொறுத்தவரை முதன்மையானது நாடு விடுதலை பெற்றபின் வந்த பதினைந்து ஆண்டுகளே. அக்காலத்தில் மா. கிருஷ்ணன் (1912-1996) அவ்வேரியைத் தொடர்ந்து கவனித்து, வனத்துறைக்காக அதைப் பற்றி நூல் எழுதினார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய அவர், ஆங்கிலத்தில் நெடுங்காலம் இயற்கைப் பத்தி எழுதியவர். தமிழிலும் பறவைகளைப் பற்றி அறிவியல் செப்பத்தோடும் மொழியழகோடும் எழுத முடியும் என்று காட்டியவர். பறவைகளும் வேடந்தாங்கலும் என்ற தலைப்பில் தொகுக்கப்பட்டுள்ள அவருடைய தமிழ் எழுத்துகள், பார்ப்பதை உள்ளபடி சொல்லும் உரைநடைக்கு இன்றும் முன்மாதிரியாக நிற்கின்றன.

வேடந்தாங்கலைப் பற்றி நிலவும் பெரும் பிழையெண்ணம் ஒன்றை இங்கே சுட்டியாக வேண்டும். அங்குக் காணப்படும் பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்து குஞ்சு பொரிப்பவை என்று பாடப்புத்தகம் தொட்டுச் சுற்றுலாப் பேச்சு வரை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. உண்மையில், மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடா, நாரை, கொக்கு, நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியவை இந்நாட்டுப் பறவைகளே. மழைக்கும் இரைக்கும் ஏற்ப இந்தியாவுக்குள்ளேயும் அண்டை நிலங்களிலும் இடம் மாறி, ஏரி நிரம்பிய ஆண்டில் இங்கே கூடுகின்றன. வட ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருபவை ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன் ஆகிய வாத்தினங்களும் உள்ளான் வகைகளும் ஆகும். அவை இங்கே கூடு கட்டுவதில்லை, குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றன. அவற்றைக் காண்பதற்கு மரங்கள் நிறைந்த வேடந்தாங்கலைவிட, அருகிலுள்ள கரிக்கிலியின் ஆழமற்ற திறந்த நீர்ப்பரப்பே ஏற்றது. இவ்வேறுபாடு வெறும் தகவலன்று. எல்லாம் அயல்நாட்டு விருந்தினர் என்று எண்ணும்போது, பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் கூடுகள் அமையாமல் போவது சைபீரியாவின் குறையாகத் தோன்றும். உள்ளூர்ப் பறவைகள் என்று அறியும்போதுதான் வரத்துக்காலைத் தூர்த்தது யார் என்ற கேள்வி பிறக்கும்.

தென்மாவட்டங்களில் காப்பு மரபு வேறு வடிவங்களைக் கொண்டது. திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்தோடு நில்லாமல், ஊருக்குள் வீட்டு முற்றங்களிலும் தெருவோரங்களிலும் உள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. அங்குக் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதைப் பற்றி ரீனியஸ் என்பவர் எழுதிய குறிப்பு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1907இலேயே வெளியாயிற்று. ஊராரின் மரபு அதனினும் பழமையானதாகவே இருக்கும். துர்நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு, கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளைப் பேணி, தீபாவளியன்று வெடி வெடிக்காமல் வாழ்வது அவ்வூரின் வழக்கம். திபெத்திலும் மங்கோலியாவிலும் உயர்நில ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பட்டைத்தலை வாத்து இந்தக் குளத்துக்கு வருவது, இந்தியப் பறவை நோக்குவோர் அனைவரும் அறிந்த செய்தி. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களைச் சுற்றியுள்ள மக்களும் அவ்வாறே பல தலைமுறைகளாக வெடி தவிர்க்கின்றனர். கண்மாய் என்பது பாண்டிய நாட்டில் ஏரிக்கு வழங்கும் பெயர். ஒரு குழந்தையின் தீபாவளி ஆசையை ஆண்டுதோறும் ஒரு நாரைக் குஞ்சுக்காக அடக்கிவைப்பது சட்டத்தால் இயலக்கூடியதன்று; ஊர்க்கட்டுப்பாட்டின் நயமும் வலிமையும் அதில் ஒருங்கே தெரிகின்றன.

அரசின் அறிவிப்புகள் இம்மரபுகளின் பின்னாலேயே வந்தன. வேட்டங்குடி 1977இலும், கரிக்கிலி, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகியவை 1989இலும், கூந்தன்குளம் 1994இலும், வடுவூரும் கரைவெட்டியும் 1999இலும் பறவைகள் சரணாலயங்களாயின. ஈர நிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் உள்ளிட்ட பல தமிழக நீர்நிலைகள் 2022இல் சேர்ந்தன.

பார்ப்பது எண்ணுவதாக மாறியது அண்மைக் கால வளர்ச்சி. சென்னையில் 1978இல் தோன்றிய மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கம், பள்ளிக்கரணை முதலான நகர்ப்புற நீர்நிலைகளில் பறவைகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் பழக்கத்தை இளைஞரிடையே பரப்பியது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடைபெறுகிறது. எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எண்ணுவதால், ஒரே பறவை இரு இடங்களில் கணக்கில் ஏறும் பிழை குறைகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் முடிகிறது. 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இதை வீட்டு வாசல் வரை கொண்டுவந்தது. அறுவடைத் திருநாளின் நான்கு நாள்களில் அவரவர் ஊரிலேயே, பதினைந்து நிமிடமேனும் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் பதிவு செய்தால் போதும் என்பது அதன் முறை. புகழ்பெற்ற சரணாலயங்களைவிட, பெயர் தெரியாத தாங்கல்களும் கண்மாய்களும் இதனால் முதன்முறையாகப் பதிவேட்டில் ஏறுகின்றன.

அப்பதிவுகளின் தேவை, 1998இல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடங்கும் நிலம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் காரணத்தோடு தொடர்புடையது. ஏரி மட்டும் காக்கப்பட்டு, இரைதேடும் வயல்களும் அடுத்த ஏரிகளும் கெட்டுப்போனால் கூடுகள் வெறுமையாகும் என்ற உண்மையை ஏற்ற அறிவிப்பு அது. அந்த ஆரத்தின் வெளிப்பகுதியை விலக்கும் முன்மொழிவு 2020இல் எழுந்தபோது, இயற்கை ஆர்வலரும் உழவர்களும் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பாளர்கள் முன்வைத்த சான்றுகளுள் வலுவானது, பறவைகள் எந்தெந்த ஏரியில், எந்தெந்த வயலில் இரை தேடுகின்றன என்னும் களத்தகவலே. வளையத்துக்குள் உள்ள ஏரிகளின் நீர்ப்பரப்பையும், வயல்களில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லியால் நத்தைகள் அருகுவதையும், தூர்ந்த வரத்துக்கால்களையும் ஆண்டுதோறும் குறித்துவைக்கும் பணி, கவுல் பெற்ற ஊராரின் வழித்தோன்றல்களும் கணக்கெடுக்க வரும் இளைஞர்களும் ஒன்றாகச் செய்ய வேண்டியதாக இருக்கிறது. அதற்கான முதல் பட்டியல்கள் இப்போதுதான் உருவாகத் தொடங்கியுள்ளன.